செத்த கார்டு

சமையலறைச் சன்னலுக்கு மேலே தொங்கிய சிவப்பு பல்பு எரிந்ததும் வஜீஹ் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அந்த பல்பு அரசாங்க லைனில் மட்டும்தான் எரியும். ஜெனரேட்டர் கரண்டுக்கு அது கண்ணைத் திறக்காது. லெபனானின் சைதா நகரத்தில் பாதி வீடுகளில் இப்படி ஒரு பல்பு தொங்கும். அதைப் பார்த்துத்தான் துணி துவைப்பார்கள், குளிப்பார்கள், இஸ்திரி போடுவார்கள். எரியத் தொடங்கினால் ஒரு மணி நேரமும் இருக்கும், ஒன்றரையும் இருக்கும், ஒரு சிகரெட் முடிவதற்குள்ளும் போய்விடும்.

"நுஹாத், கிளம்பு. கரண்ட் வந்துடுச்சு."

"வேன் வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கே. இப்பவே கீழ போய் என்ன பண்றது?"

"காத்து வாங்கலாம்."

"காத்தா? கீழ ஹிஷாம் கடையில கோழி பொசுக்குற நாத்தம்தான் வரும். நல்ல காத்து வாங்கப் போறோம்."

சொல்லிக்கொண்டே அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடது கையை எதன்மேலும் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. டயாலிசிஸுக்குப் போகிற நாளில் எப்போதும் அப்படித்தான். ரத்தத்தைச் சுத்தம் செய்கிற அந்த மெஷினில் போய்ப் படுத்து எழுந்தால்தான் அவளுக்கு அடுத்த இரண்டு நாள் மூச்சு விட முடியும். ஆஸ்பத்திரி வேன் வந்து ஹாரன் அடிக்கும். கீழே ஆள் நிற்காவிட்டால் அடுத்த தெருவுக்குப் போய்விடும். டிரைவரைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கும் டீசல் அளந்துதான் ஊற்றுகிறார்கள்.

வஜீஹ் அவளுடைய பையை எடுத்துக்கொண்டார். நேரம் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். அரசாங்கக் கரண்ட் இருக்கும்போது லிஃப்டில் யார் வேண்டுமானாலும் ஏறலாம், கார்டு கேட்காது என்பதும் தெரியும். சில வாரங்களாக அவர் தெரிந்துவைத்திருக்கிற ஒரே கணக்கு அதுதான்.

கார்டு விஷயத்தில் அவரைவிட வாய் கிழியப் பேசியவர் அந்தக் கட்டடத்தில் கிடையாது.

அரசாங்கக் கரண்ட் சுத்தமாகப் படுத்துவிட்ட வருடம் அது. லிஃப்டையும் ஜெனரேட்டர் லைனில் போடுவது என்று கட்டடத்தார் கூடி முடிவு செய்தார்கள். பாதி வீடு அதற்குப் பணம் கட்டியது, பாதி வீடு கட்டவில்லை. ஆனால் எல்லோரும் ஏறினார்கள். படிக்கட்டில் தினமும் சண்டை. கட்டடக் கமிட்டிக்கு வஜீஹ்தான் தலைவர். டைல்ஸ் மேஸ்திரி, வாசல் கூடத்துக்குக் கூலி வாங்காமல் தரை போட்டுக் கொடுத்தவர், எல்லோருக்கும் அவர்மேல் மரியாதை. கார்டு வைத்தால்தான் லிஃப்ட் நகரும்படி ஒரு கருவி மாட்டலாம் என்று யோசனை சொன்னவரும் அவர்தான். மாதா மாதம் கட்டினால் கார்டு உயிரோடு இருக்கும். கட்டாவிட்டால் தானே செத்துவிடும். யாரும் யாரிடமும் போய் நிற்க வேண்டாம், சண்டை வேண்டாம். "ஏறுறவன் கட்டட்டும். கட்டாதவனுக்கு அல்லாஹ் காலு குடுத்திருக்கான்" என்று கூடத்தின் நடுவில் நின்று சொன்னார். கை தட்டினார்கள்.

எட்டாம் மாடி ரஃபீகா அன்றைக்கு எழுந்து நின்றாள். கணவன் இல்லாதவள், கிளினிக்குகளில் தரை துடைக்கிற வேலை. "நான் காலையில ஒரு தடவை இறங்குவேன், சாயந்தரம் ஒரு தடவை ஏறுவேன். பாதி கட்டுறேனே, அபூ தலால்" என்று வஜீஹைக் கேட்டாள். மரியாதைக்கு அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அரைக் கார்டுன்னு ஒண்ணு இல்ல ரஃபீகா. அரை ஆளை ஏத்தத் தெரியாது லிஃப்ட்டுக்கு."

சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ரஃபீகா உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து படியில்தான் ஏறுகிறாள். குடிக்கிற தண்ணீர் கேனையும் காய்கறிப் பையையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு எட்டு மாடி. ஒருநாள் இதே கட்டடத்தில் குடியிருக்கிற கோழிக்கடை ஹிஷாம் பாவம் பார்த்துத் தன் கார்டில் அவளை ஏற்றிக்கொண்டு போனான். அது வஜீஹின் காதுக்கு வந்தது. ஒரு வீட்டுக் கார்டில் இன்னொரு வீட்டு ஆளை ஏற்றினால் அந்தக் கார்டும் வெட்டப்படும் என்று புதிதாக ஒரு சட்டம் போட்டார். எழுதி லிஃப்டுக்குள் ஒட்டவும் செய்தார்.

அதற்கப்புறம் அவருக்கே வேலை நின்றது. கையில் டாலர் இருக்கிறவன் தரை மாற்றுவதை விட்டுவிட்டு மொட்டை மாடியில் சோலார் தகடு போட்டான். டாலர் இல்லாதவன் உடைந்த டைல்ஸ் மேல் பாய் விரித்தான். வஜீஹ் ஊரின் அந்தக் கோடிக்குப் போய், தன்னைத் தெரியாத தெருக்களில், அந்தத் தகடுகளையும் பேட்டரிகளையும் முதுகில் வைத்து மாடி ஏற்றிக் கொடுத்தார். முப்பது வருடம் குத்தவைத்துத் தரை போட்ட முழங்கால்கள் அவை. கூலி வந்த கையோடு போனது. மருந்து, ரொட்டி, வீட்டுக்கு வருகிற இரண்டரை ஆம்பியர் ஜெனரேட்டர் கரண்ட், லிஃப்ட். எல்லாவற்றுக்கும் எட்டாது என்றானபோது எதை விடுவது என்று யோசித்தார். ஆம்பியரை விட்டால் பிரிட்ஜ் நிற்கும். பிரிட்ஜில் நுஹாதுக்கு ரத்தம் ஊறுவதற்காகப் போடுகிற ஊசி மருந்து இருந்தது. சூட்டில் கெட்டுப்போனால் அது வெறும் தண்ணீர். லிஃப்டை விட்டார்.

விட்டதை யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும்.

கார்டைச் சாவிக்கொத்தில் அப்படியே தொங்கவிட்டுக்கொண்டார். மதியம் எல்லோரும் உண்டு படுக்கிற நேரம் பார்த்துப் படி ஏறினார். ஹிஷாம் ஒருநாள் நான்காம் மாடித் திருப்பத்தில் பிடித்துவிட்டான்.

"என்னண்ணே, கைல கார்டு வச்சுக்கிட்டு நடக்குறீங்க? ஹஜ்ஜுக்குப் பழகுறீங்களா?"

"டாக்டர் நடக்கச் சொன்னார். கொழுப்பாம்."

"உங்களுக்குக் கொழுப்பா? அண்ணே, உங்க உடம்புல நான் ஒரு சாண்ட்விச்சுக்குத் தேத்த முடியாது."

வஜீஹும் சிரித்து வைத்தார்.

*

லிஃப்ட் வந்து நின்றது. நுஹாத் உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவர் கீழ்த்தளப் பொத்தானை அழுத்தினார். ஆறு. ஐந்து. கதவின் நடுவில் இருந்த ஒரு சாண் கண்ணாடியில் படிக்கட்டு மேலே போய்க்கொண்டிருந்தது. நான்கைத் தாண்டியதும் ஒரு குலுக்கு. விளக்கு போயிற்று. லிஃப்ட் நின்றது.

"இந்தா, காத்து வாங்கு" என்றாள் நுஹாத் இருட்டில்.

கட்டடத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் லைன் மாறுகிற சத்தம் கேட்டது. விளக்கு எரிந்தது. கார்டுக் கருவியின் மூலையில் சிவப்பு எறும்பு மாதிரி ஒரு பொட்டு மினுங்கியது. இனி யாராவது உயிரோடு இருக்கிற கார்டை வைத்துப் பொத்தானை அழுத்தினால்தான் நகரும். உள்ளே இருந்தும் வைக்கலாம், வெளியே எந்த மாடியிலிருந்தும் வைக்கலாம்.

"ம், வை" என்றாள்.

வஜீஹ் சாவிக்கொத்தை எடுத்தார். வைத்தார். கருவி ஒரு முறை உறுமியது. திருப்பி வைத்தார். சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார். உறுமிக்கொண்டே இருந்தது.

"என்ன?"

"மெஷின் கெட்டுப்போச்சு போல."

வாயிலிருந்து வந்துவிட்டது. யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் வந்த பிறகு அதைத் திருப்பி உள்ளே தள்ளவும் மனம் வரவில்லை. அவர் கதவைத் தட்டினார். "யாரு இருக்கீங்க? யாராவது இருக்கீங்களா?"

படியில் செருப்புச் சத்தம் வந்தது. மெல்ல ஏறிவந்த சத்தம். கண்ணாடிக்கு மேலே இரண்டு கால்களும் ஒரு தண்ணீர் கேனும் வந்து நின்றன.

"யாரு உள்ள?" ரஃபீகாவின் குரல்.

"நாங்கதான். வஜீஹ், நுஹாத்."

"ஐயோ, நுஹாதா? இன்னைக்கு அவளுக்கு ஆஸ்பத்திரி நாளாச்சே! உங்க கார்ட வைக்கலியா, அபூ தலால்?"

"வச்சேன். மெஷின் படிக்கல. கெட்டுப்போச்சு."

"ஹிஷாமைக் கூப்பிடவா? அவன் கார்ட வச்சுப் பாக்கச் சொல்லவா?"

இதைத்தான் அவர் ஆசையோடும் பயத்தோடும் எதிர்பார்த்தார். ஹிஷாம் வந்து தன் கார்டை வைப்பான். கருவி பச்சை காட்டும். லிஃப்ட் வழுக்கிக்கொண்டு போகும். கதவு திறந்ததும் ஹிஷாம் தன் கார்டைப் பார்ப்பான், பிறகு அவருடைய கார்டைப் பார்ப்பான். அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் எதையும் சொல்லத் தேவையில்லை.

"வேணாம். யார் வச்சாலும் படிக்காது. மெக்கானிக்குக்குப் போன் போடு. நம்பர் கீழ கூடத்துல ஒட்டியிருக்கு."

"சரி. நுஹாத், பயப்படாதே, இதோ வந்துட்டேன்." கேனை அங்கேயே வைத்துவிட்டு அவள் கீழே ஓடினாள். ஐம்பது வயதுக்காரி படியில் ஓடுகிற சத்தம் லிஃப்ட் குழாய் முழுக்கக் கேட்டது.

நுஹாத் மெல்லச் சறுக்கித் தரையில் உட்கார்ந்தாள். "மூச்சு வாங்குது" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. அவள் குறை சொல்லத் தெரியாதவள் இல்லை. உடம்புக்கு முடியாதபோது மட்டும் வாயை மூடிக்கொள்வாள். வஜீஹ் அவள் முகத்தைப் பார்க்காமல் தன் கைப்பட எழுதி ஒட்டிய சட்டத்தைப் பார்த்தார். அதையும் பார்க்க முடியவில்லை. கூரையைப் பார்த்தார்.

ரஃபீகா திரும்பி வந்து மூச்சிரைக்கச் சொன்னாள்: "மெக்கானிக் நபதியா ஊர்ல இருக்கானாம். வர நேரமாகும். அதுவரைக்கும் மெஷின் திடீர்னு ஓட ஆரம்பிச்சுடக் கூடாதாம், ஆபத்தாம். மேல மோட்டார் ரூம்ல மெயின் சுவிட்ச இறக்கி வைக்கச் சொல்றான்."

"வேணாம் ரஃபீகா. நீ எதுக்கு..."

"நீங்க சும்மா இருங்க. உள்ள நோயாளி இருக்கா, திடீர்னு இழுத்துக்கிட்டுப் போயிட்டா என்ன பண்றது?"

அவள் ஏறினாள். ஐந்து, ஆறு, அப்புறம் அவளுடைய எட்டு, அதற்கும் மேலே மொட்டை மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் செருப்பு ஒரு கணம் நின்று பிறகு கிளம்பியது. இந்தச் சத்தத்தை வஜீஹ் இதற்கு முன்பு கேட்டதில்லை. அவள் ஏறும்போது அவர் லிஃப்டில் இருப்பார். கண்ணாடியில் அவள் கால் தெரிந்தால் போனை எடுத்துப் பார்ப்பார். போனில் ஒன்றும் இருக்காது.

இப்போது ஒவ்வொரு படியாகக் கேட்டார். ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் மொட்டை மாடி வரை போகிறாள். கூப்பிட்டு நிறுத்த ஒரு வார்த்தை போதும். கதவைத் தட்டத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டார்.

மேலே எங்கோ டக்கென்று சுவிட்ச் விழுந்தது. லிஃப்டில் விளக்கு அணைந்தது. சிவப்புப் பொட்டும் அணைந்தது.

கீழே தெருவில் ஹாரன் அடித்தது. இரண்டு முறை நீட்டி, ஒரு முறை சுருக்கி. ஆஸ்பத்திரி வேன்.

"வந்துட்டான்" என்றாள் நுஹாத்.

"நிப்பான்."

"நிக்க மாட்டான், வஜீஹ். போன வாரம் பக்கத்துத் தெரு உம்மு ஜலாலுக்கு நிக்கல. அவ வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தா, அதுக்குள்ள போயிட்டான்." ஒரு மூச்சு எடுத்தாள். "அந்தக் கார்டக் குடு."

"எதுக்கு?"

"குடு."

இருட்டில் அவள் கை வந்து சாவிக்கொத்தைத் தேடி எடுத்தது. கார்டைத் தடவிப் பார்த்தாள், பார்வை இல்லாதவர்கள் பணத்தைத் தடவுவதுபோல.

"மெஷின் கெட்டுப்போகல, இல்லியா?"

இருட்டில் அவர் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உன் முட்டி படியில நொறநொறன்னு ஏறி வர்றது எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா? ராவும் பகலும் படுத்தே கெடக்கேன். எனக்கு வேற என்ன வேலை, சத்தம் கேக்குறதுதான வேலை. டாக்டர் நடக்கச் சொன்னார்ன்னு ஹிஷாமுக்குச் சொன்னியாம். அவன் பொண்டாட்டி வந்து கேட்டா. என்னைப் பாக்குற டாக்டர் உன்னை எப்போ பாத்தான்?"

"நுஹாத்..."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? ஏறுற ஒவ்வொரு தடவைக்கும் கார்டுல கழியுற மாதிரி இப்போ மாத்திட்டாங்க போல, எனக்காகத் தன் தடவைகளை மிச்சம் பிடிக்கிறான்னு நெனச்சேன். கேக்காமயே இருந்தேன். கேட்டா மனுஷன் கூச்சப்படுவான்னு." அவள் குரல் உடைந்து வந்தது. மூச்சு போதாமல் உடைந்ததா, வேறெதனாலுமா என்று தெரியவில்லை. "எப்போலேர்ந்து கட்டல?"

"பிரிட்ஜா லிஃப்ட்டான்னு வந்துச்சு. உன் ஊசி உள்ள இருந்துச்சு."

"சரி. சரியாத்தான் பண்ணியிருக்க. அதுல என்ன வெக்கம்? யார் வீட்ல இல்லாத கதை இது? நாலாம் மாடிக்காரன் வாஷிங் மெஷின வித்துட்டு ஆம்பியர் கட்டுறான். ஊரே கையால துவைக்குது."

"நான் போட்ட சட்டம், நுஹாத். இத்தனை பேருக்கு முன்னால நான் நின்னு..."

"தெரியும். நானும் அன்னைக்கு அங்கதான இருந்தேன். நீ அவளைப் பாத்து அரை ஆளுன்னு சொன்னப்போ நானும் பல்லைக் காட்டினேன்." கீழே வேன் மறுபடி அடித்தது, இந்த முறை சுருக்கமாக. "இப்போ அவ உனக்காக மொட்டை மாடியில நிக்கிறா. கத்து. சொல்லிடு. இல்லன்னா நான் சொல்லுவேன், ஆனா எனக்கு மூச்சு இல்ல."

வஜீஹ் கதவில் கையை வைத்தார். "ஹிஷாம்!" என்று கத்தினார். "ஹிஷாம், மேல வா!"

ஹிஷாம் கோழி ரத்தம் தெறித்த ஏப்ரனோடு மூன்றாம் மாடிக்கு ஓடி வந்தான். லிஃப்டின் கீழ்விளிம்பு அவன் நெற்றி உயரத்தில் இருந்தது. அதன் கதவடி இடைவெளியில் வாயை வைத்துப் பேசினான்.

"மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சாமே, அண்ணே? வேன்காரனை நான் நிறுத்திப் பாத்தேன், 'அஞ்சு வீடு பாக்கி இருக்கு'ங்கிறான்."

"மெக்கானிக் வேணாம்." வஜீஹ் முழங்காலை மடக்கித் தரையோடு குனிந்தார். இடைவெளிக்கு அந்தப் பக்கம் ஹிஷாமின் நெற்றி தெரிந்தது. குரலைத் தாழ்த்தி, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மெஷின் நல்லாத்தான் இருக்கு. உன் கார்ட வை. என் கார்டு செத்துப்போச்சு" என்றார்.

"என்னது? கேக்கல."

"என் கார்டு. நான் கட்டல."

"என்ன கட்டல?"

"லிஃப்ட்டுக்குக் கட்டல, ஹிஷாம்."

 ஹிஷாம் கெட்டவன் இல்லை. ஆனால் கடைத்தெருவில் கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை அவனுடையது, மெதுவாகப் பேச அதற்குத் தெரியாது. படிக்கட்டின் நடுவில் நின்று தலையை மேலே தூக்கினான்.

"ரஃபீகா! சுவிட்சப் போடு!"

எட்டு மாடிக்கு மேலிருந்து மெல்லிசாக ஒரு குரல் வந்தது. "என்ன? மெக்கானிக் வந்துட்டானா?"

"இல்ல! மெஷின் கெடல!"

"அப்போ ஏன் நின்னுச்சு? போட்டா ஆபத்துன்னு சொன்னானே!"

"ஆபத்து இல்ல, போடு! அபூ தலால் கார்டுக்குக் கட்டலயாம்!"

"என்னது?"

"கட்டலயாம்! கார்டு செத்துப்போச்சாம்! போடு!"

ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. வஜீஹ் அதைப் பார்க்கவில்லை, கேட்டார். தாழ்ப்பாள், கீல், யாரோ "யாருக்காம்?" என்று கேட்டது, யாரோ "ஷ்ஷ்" என்றது. மேலே நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் வேண்டுமென்றே தாமதிக்கிறாளோ என்று அவருக்குத் தோன்றியது. தாமதிக்கட்டும் என்றும் தோன்றியது. பிறகு சுவிட்ச் ஏறியது. விளக்கு வந்தது.

ஹிஷாம் வெளியே கார்டை வைத்தான். பச்சை எரிந்திருக்க வேண்டும். லிஃப்ட் ஒரு சாண் இறங்கி, இன்னொரு சாண் இறங்கி, மூன்றாம் மாடியில் நின்றது. கதவைத் திறந்தான்.

"வாங்கண்ணே." நுஹாதின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான். அப்படியே, வஜீஹின் முகத்தைப் பார்க்காமல், "சட்டப்படி இப்போ என் கார்டையும் வெட்டணும், இல்லியாண்ணே?" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். அப்புறம் தானே அதைக் கேட்டுவிட்டு, "சும்மா சொன்னேன்" என்றான்.

 படியில் நின்றவர்கள் எல்லோரும் நுஹாதைத்தான் விசாரித்தார்கள். ஒருத்தர் அவள் பையை வாங்கிக்கொண்டார். ஒருத்தர் "அல்லாஹ் பார்த்துக்குவான், அபூ தலால்" என்று அவர் தோளைத் தொட்டார். யாராவது திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அத்தனை பேரும் அவர் செருப்பையே பார்த்துப் பேசினார்கள்.

வேன் போய்விட்டிருந்தது.

*

ஹிஷாம் கோழிக் கூண்டுகளை இறக்கிவிட்டுத் தன் பிக்கப்பில் கொண்டுபோய் விட்டான். வழியெல்லாம் இறகு பறந்தது. ஆஸ்பத்திரியில் நுஹாதின் மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். நர்ஸ் கையை விரித்தாள்.

"இவங்க முடிஞ்சதும் போடுறேன் மாமா. ஆனா பாதிதான் ஓட்ட முடியும். சாயந்தரம் ஆஸ்பத்திரி ஜெனரேட்டரை மாத்துவாங்க, அப்போ எல்லா மெஷினையும் நிறுத்திடணும். ஏன் லேட்டு?"

"லிஃப்ட் நின்னுடுச்சு" என்றாள் நுஹாத். அவருக்கு முன்னால் அவள் முந்திக்கொண்டாள்.

"இந்த லிஃப்டுகளால தினம் ஒருத்தர் லேட்டா வர்றாங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாள்.

வஜீஹ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நுஹாத் சொன்னது பொய்யில்லை. லிஃப்ட் நின்றதுதான். ஆனால் நின்ற லிஃப்டில் அவள் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க உண்மை அவர் வாய்க்குள்ளேயே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் படுத்திருந்த கட்டில் தெரிந்தது. குழாயில் ரத்தம் சுற்றியது. பாதி சுத்தமாகும். மீதிப் பாதி அவளுக்குள்ளேயே இருக்கும், அடுத்த முறை வரைக்கும். காலில் வீக்கம் இறங்காமலே வீட்டுக்கு வருவாள். அதை அவர் தினமும் பார்ப்பார்.

*

திரும்பி வந்தபோது அரசாங்கக் கரண்ட் இல்லை. ஹிஷாம் கூடத்தில் காத்திருந்து தன் கார்டை வைத்தான். "ஏறுங்க" என்றான். வஜீஹ் பின்வாங்கினார்.

"இவளை மட்டும் கூட்டிட்டுப் போ. நான் நடந்து வர்றேன்."

"ஆரம்பிச்சுடாதே" என்றாள் நுஹாத். "என்னால தனியா நிக்க முடியாது. உன் ரோஷத்தை நாளைக்கு வச்சுக்க. ஏறு."

ஏறினார். அவள் கைத்தண்டைப் பிடித்துக்கொண்டு ஹிஷாமின் முதுகைப் பார்த்து நின்றார். முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் கண்ணாடியில் ரஃபீகாவின் கால்கள் தெரிந்தன. வேலையிலிருந்து வருகிறாள். ஒரு கையில் ரொட்டிப் பொட்டலம், ஒரு கையில் காய்கறிப் பை. காலையில் அவருக்காகக் கீழே ஓடி, மேலே ஏறி, மறுபடி இறங்கி, தண்ணீர்க் கேனை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறி, அதற்கப்புறம் வேலைக்குப் போனவள். நிறுத்தச் சொல்லலாம், அவளையும் ஏற்றலாம் என்று அவருக்கு வாய் வரை வந்தது. கார்டு ஹிஷாமுடையது. யாரை ஏற்றுவது என்று சொல்ல அவர் யார். 

நுஹாதைக் கட்டிலில் படுக்கவைத்தார். தலையணையைச் சரிசெய்தார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார். அவள் கண்ணை மூடிக்கொண்டே, "வெளிய போ. அவ ஏறி வர்றா" என்றாள்.

"என்னன்னு சொல்றது?"

"எனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்குப் பேசினியே, அதை யார் சொல்லிக் குடுத்தா?"

அவர் போய் ஆறாம் மாடித் திருப்பத்தில் நின்றார். கீழே செருப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. நான்காவதில் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு கிளம்பியது. அவர் மனதுக்குள் ஒரு பேச்சைத் தயார் செய்தார். கமிட்டியைக் கூட்டுகிறேன், சட்டத்தை எடுத்துவிடலாம், நான் தலைவராக இருக்க மாட்டேன், என்று. எல்லாம் கூடத்தின் நடுவில் நின்று சொல்கிற மாதிரியே வந்தது. அந்தக் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

ரஃபீகா திருப்பத்தில் வந்து அவரைப் பார்த்தாள். முக்காட்டின் ஓரம் வேர்வையில் நனைந்திருந்தது.

"நுஹாத் எப்படி இருக்கா?"

"பாதிதான் ஓட்டினாங்க."

"ம்."

"ரஃபீகா, காலையில நான்..."

அவள் காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள். சொன்னால் கேட்டிருப்பாள். அவர் தயார் செய்தது ஒன்றுகூட வரவில்லை. காய்கறிப் பையை வாங்கக் கையை நீட்டினார்.

அவள் அதை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"வழிய விடுங்க, அபூ தலால். நின்னா எனக்கு முட்டி பிடிச்சுக்கும்."

அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவள் தாண்டிப் போனாள்.